மண்ணைக் கேட்காமல் உடலைப் படிப்பவர்கள்

தமிழில் அறிவியல் எழுதுகிறவர்களோடு எனக்கு ஒரு பழைய சண்டை இருக்கிறது. இரண்டே இரண்டு வாக்கியங்களைப் பற்றிய சண்டை. முதல் வாக்கியம்: ‘பரிணாமத்தில் பாம்பு தன் கால்களை இழந்தது.’ இரண்டாவது: ‘மண்ணுக்குள் வாழ்வதற்கென்றே இயற்கை அதன் உடலைக் கச்சிதமாக வடிவமைத்திருக்கிறது.’ ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ், யூடியூப் சேனல், வாட்ஸப் பார்வர்டு என்று எல்லா இடத்திலும் இந்த இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன. சில கட்டுரைகளில் அடுத்தடுத்த பத்திகளிலேயே வந்துவிடும். முதலாவது பரிதாபம், இரண்டாவது பாராட்டு. நடுவில் மண் என்று ஒன்று இருப்பது இரண்டுக்குமே ஞாபகம் இல்லை.

“இதெல்லாம் ஒரு சண்டையா? சாதாரண வாசகனுக்கு இவ்வளவு போதாதா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போதாது. உடலை மட்டும் பார்த்து, அந்த உடல் புழங்குகிற இடத்தைப் பார்க்காமல் பேசுகிற இதே பழக்கம்தான் ஒரு சாதுவான பாம்பைப் பிடித்துச் சாக்குப்பையில் கட்டி லட்சங்களில் விலை பேச வைக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் கால்.

பாம்பு காலை இழந்தது என்பது பொய்யில்லை. அதை நான் மறுக்கவும் இல்லை. மலைப்பாம்பின் கழிவாய்க்கு இரு பக்கமும் இன்றைக்கும் சின்னதாக இரண்டு முட்கள் துருத்திக்கொண்டிருக்கும், பின்னங்கால்களின் மிச்சம். 2016-இல் ‘செல்’ ஆய்விதழில் ஒரு பரிசோதனை வெளியானது. கருவில் கால் வளர வேண்டுமென்றால் ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற மரபணு சரியான இடத்தில், சரியான நேரத்தில் வேலைசெய்ய வேண்டும். அதை முடுக்கிவிட ஸ்விட்ச் மாதிரி ஒரு சிறு டிஎன்ஏ துண்டு இருக்கிறது. சுண்டெலியின் அந்தத் துண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாம்பின் துண்டை வைத்தார்கள். பிறந்த சுண்டெலிகளின் கால்கள் மிச்சம்போலக் குறுகிப் போயிருந்தன. ஆக, ஸ்விட்ச் பழுதானது நிஜம்.

ஆனால் அது எப்படி நடந்தது என்பதற்கான விடை. அப்படி ஆன உடல் பிழைத்து, பெருகி, உலகம் பூராவும் பரவியது ஏன் என்பதற்கு அதில் பதில் கிடையாது. பல்லி, பாம்பு வகையறாவில் கால் குறுகி உடல் நீண்ட கதை ஒரு தடவை நடந்ததல்ல. 25 தடவைக்கு மேல், தனித்தனிக் குடும்பங்களில், தனித்தனிக் கண்டங்களில் நடந்திருக்கிறது. ஒரே ‘இழப்பு’ இத்தனை முறை நேர்ந்தால் அதை இழப்பு என்று மட்டும் எப்படிச் சொல்வது?

அதோடு, காலில்லாத எல்லாமும் மண்ணுக்குள் போனதாக ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அதுவும் தப்பு. காலில்லாப் பல்லிகளின் வாலைப் பாருங்கள். ஒரு வகைக்கு வால் மிக நீளம். ‘கண்ணாடிப் பல்லி’ என்று சொல்லப்படுகிறவற்றில் மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை வாலாகவே இருக்கும். இவை புல்லுக்கும் சருகுக்கும் நடுவில் நெளிந்து போகிறவை. இன்னொரு வகைக்கு வால் கட்டை, நீளமெல்லாம் உடம்பில். இவைதான் பெரும்பாலும் மண்ணைத் துளைப்பவை. கால் இல்லை என்ற அடையாளம் இரண்டுக்கும் பொது. வாழ்க்கை வேறு, வடிவம் வேறு. ‘கால் இழந்தது’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தவர் இந்த வேறுபாட்டின் பக்கம் போகவே இல்லை.

சரி, மண்ணுக்குள் போவோம். அங்கே நடப்பது எளிய கணக்குதான். உடலின் விட்டம் இரண்டு மடங்கானால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்கு. ஒரு சென்டிமீட்டர் முன்னேற ஒதுக்க வேண்டிய மண்ணும் நான்கு மடங்கு. எனவே ஒல்லியாக இருப்பது லாபம். ஆனால் தள்ளுவதற்குத் தசை வேண்டும், தசைக்கு இடம் வேண்டும், இடம் வேண்டுமென்றால் தடிமன் கூடும். தலையை ஊசியாக்கினால் மண் எளிதில் வழிவிடும். ஆனால் ஊசித் தலையில் பெரிய கண்ணுக்கும் பெரிய வாய்க்கும் இடமில்லை. பாம்புகளில் பலவற்றுக்கு மண்டையோட்டு எலும்புகள் தளர்வாகக் கோர்க்கப்பட்டிருக்கும். அதனால்தான் தன் தலையைவிடப் பெரிய இரையை விழுங்க முடிகிறது. அந்தத் தளர்ந்த மண்டையோட்டைக் கொண்டுபோய் இறுகிய மண்ணில் முட்ட முடியாது. முட்ட வேண்டுமென்றால் எலும்புகள் நெருங்கிப் பிணைய வேண்டும். பிணைந்தால் வாய் சிறுத்துவிடும். ஒரு பக்கம் வாங்கினால் இன்னொரு பக்கம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்தப் பேரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேடயவால் பாம்புகள் எப்படி முடித்திருக்கின்றன என்று பார்க்கலாம். உரோபெல்டிட் குடும்பம். இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. 50-க்கு மேற்பட்ட இனங்கள். தலை கூம்பு, மண்டையோடு இறுகிய கட்டு, கண் சிறியது. தலை கழுத்தோடு சேருமிடம் ஒரு பந்து போல உருண்டிருப்பதால் தலையைப் பல பக்கமும் திருப்ப முடியும். நகரும்போது உடம்பு வெளியே நெளிவதில்லை. தளர்ந்த தோலுக்கு உள்ளேயே முதுகெலும்பு மடிகிறது. மடிந்த இடத்தில் உடம்பு தடித்து வளையின் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிமானத்தில் தலை முன்னே பாய்கிறது.

1978-இல் கார்ல் கான்ஸும் இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. கேடயவாலின் தசைகளை வெட்டிப் பார்த்தவர்களுக்கு முன்பகுதித் தசையும் பின்பகுதித் தசையும் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தது. முன்பகுதியில் மயோகுளோபினும் மைட்டோகாண்ட்ரியாவும் நிறைந்த, களைக்காமல் உழைக்கிற தசை. பின்பகுதியில் அது இல்லை. முன்னால் எஞ்சின், பின்னால் இழுபட்டுப் போகும் பெட்டிகள். அவர்களே சரக்கு ரயில் என்ற உவமையைத்தான் தலைப்பில் வைத்தார்கள். தோலிலும் இதே கதை. உடம்புச் செதில்களின் நுண்ணமைப்பு வானவில்லாக மினுங்கும், மண்ணை ஒட்டவிடாது. வால்நுனிச் செதில்களோ சொரசொரப்பாக இருந்து மண்ணைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பின்னால் துரத்தி வருபவனுக்கு வளையின் வாயில் ஒரு மண் அடைப்பு. ஒரே விலங்கின் இரண்டு முனைகளில் மண்ணுக்கு இரண்டு எதிரெதிரான பதில்கள்.

இந்த இடத்தில் இரண்டாவது வாக்கியக்காரர்கள் குதூகலமாகிவிடுவார்கள். “பார்த்தீங்களா, எவ்வளவு கச்சிதமான டிசைன்! இயற்கையைவிடப் பெரிய எஞ்சினியர் உண்டா?” என் அலுவலகத்திலும் பிரசன்டேஷன்களின் முதல் ஸ்லைடில் இந்த வசனம் அடிக்கடி வரும். கூடவே ஒரு தேன்கூட்டுப் படம் இருக்கும். நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். எஞ்சினியர் செய்யும் வேலை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ‘கச்சிதம்’ என்று ஒருவர் சொன்னால் எனக்கு வரும் முதல் கேள்வி: எதற்குக் கச்சிதம், எதை விட்டுக்கொடுத்து?

கேடயவால் விட்டுக்கொடுத்தது வாயை. அதன் முக்கிய உணவு மண்புழு. எலியைப் பிடித்து விழுங்க அந்தத் தலையால் ஆகாது. ஈரமும் புழுவும் உள்ள மண் இருக்கும்வரை அது நல்ல பேரம். மண் காய்ந்து இறுகிவிட்டால் அதே கூம்புத் தலை கடனாகிவிடும்.

மண்ணுளிப் பாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் மண்ணுக்குள் புதைந்து வாழ்வதுதான். ஆனால் உடம்பு தடிமன், ஏறக்குறைய மூன்றடி வரை வளரும், எலியைச் சுற்றி நெரித்து விழுங்கும். ‘துளைப்பதற்கு ஒல்லி உடம்பு, இறுகிய சின்ன மண்டை’ என்ற விதிப்படி இது தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை, ஏனென்றால் இது வாழும் மண் வேறு. வறண்ட, பொலபொலவென்ற மண், எலி ஏற்கெனவே தோண்டிவைத்த வளை. முட்டித் துளைக்க வேண்டிய வேலையே அங்கே குறைவு. ஆப்பு போன்ற மூக்கு போதும், வாயை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மணலுக்கு வேறொரு பதிலும் இருக்கிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் மூக்கு மண்வெட்டிபோல் இருக்கும் ஒரு சிறு பாம்பு மணலுக்குள் வளை தோண்டுவதில்லை, நீந்துகிறது. ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அதை எக்ஸ்-ரேயில் படம்பிடித்து, காலுள்ள ‘மணல்மீன்’ பல்லியோடு ஒப்பிட்டார்கள். பல்லியும் மணலுக்குள் போனதும் காலை மடக்கிக்கொண்டு நெளிந்துதான் நீந்துகிறது. ஆனால் பாம்பின் நீள ஒல்லி உடம்புக்கும் வழுக்கும் தோலுக்கும் செலவு இன்னும் குறைவு. ஒட்டிப் பிடிக்கிற களிமண்ணில் இந்த நீச்சல் ஒரு அங்குலம்கூட நடக்காது. மணலில் கேடயவாலின் வித்தையும் எடுபடாது. அழுத்திப் பிடிக்க அங்கே சுவர் நிற்காதே.

கச்சிதம் என்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. சிசிலியன்கள் ஊர்வன அல்ல, தவளையின் உறவுக்காரர்கள். ஆனால் அவையும் காலின்றி மண்ணைத் துளைக்கின்றன. 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில், மெக்சிகோவின் ஒரு சிசிலியன் தன் உடல் முழுவதையும் நீர் நிறைந்த குழாய் போல அழுத்தி, அதே அளவுள்ள துளைக்கும் பாம்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையோடு முட்டுவதாக அளந்திருந்தார்கள். பாம்பின் டிசைன்தான் உச்சம் என்றால், அந்த இரண்டு மடங்கைப் பாம்பு ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? எடுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். முப்பாட்டன் கொடுத்துவிட்டுப் போன விலா எலும்பையும் தசை அடுக்கையும் வைத்துக்கொண்டுதான் பாம்பு வண்டியை ஓட்ட வேண்டும். எங்கள் தொழிலில் இதற்கு ‘லெகசி கோடு’ என்று பெயர். யாரோ எப்போதோ எழுதியதை அழிக்க முடியாமல், அதன்மேலேயே ஒட்டுப்போட்டு ஓட்டுவது. இயற்கை எஞ்சினியர்தான் என்று ஒரேயடியாக அடம்பிடித்தால், அது பழைய கோடுக்கு ஒட்டுப்போடும் எஞ்சினியர் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

வடிவத்தை மட்டும் நம்பி ஏமாறுவது நம்மைப் போன்ற கட்டுரையாளர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. ஆம்ஃபிஸ்பீனியன்கள் என்று ஒரு கூட்டம், புழுப்பல்லிகள் எனலாம். தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடல் ஓரம் எல்லாம் இருக்கின்றன, இந்தியாவில் இல்லை. சிலவற்றின் தலை உருண்டை, நேராக முட்டும். சிலவற்றின் தலை மண்வெட்டி. மேலே நெம்பி மண்ணைக் கூரையில் அழுத்தும். சிலவற்றுக்குப் படகின் அடிக்கட்டை போல இருபக்கமும் நசுங்கிய தலை. இடமும் வலமும் மாறி மாறி அடிக்கும். இன்னும் சில தலையைத் திருகித் திருகி மண்ணைச் சுரண்டும். மண்வெட்டித் தலைகள் எல்லாம் ஒரே குடும்பமாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. 2004-இல் அருங்காட்சியகப் பழைய எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்த ஆய்வு, தோண்டும் தலைகள் திரும்பத் திரும்பத் தனித்தனியாகத் தோன்றியவை என்று காட்டியது. ஒரே மாதிரி முகம் என்பது ஒரே மாதிரி வேலைக்குச் சாட்சி, சொந்தத்துக்கு அல்ல.

பாம்புகளின் பூர்வீகம் பற்றிய வழக்கும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. அர்ஜென்டினாவில் கிடைத்த டினிலிசியா என்ற தொல்பாம்பின் உட்காதை 2015-இல் ஸ்கேன் செய்து, அதன் உருண்டை வடிவம் மண்ணுக்குள் வாழ்பவற்றை ஒத்திருக்கிறது, எனவே பாம்புகளின் மூதாதை மண்ணுக்குள் இருந்தது என்றார்கள். காதின் வடிவத்தை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்று சீக்கிரமே எதிர்வாதம் வந்தது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதல்ல என் பேச்சு. எலும்பைக் கையில் வைத்திருப்பவர்களே இத்தனை தயங்குகிறார்கள். நாம் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ‘கச்சிதம்’ என்று எழுதிவிடுகிறோம்.

இப்போது சாக்குப்பைக் கதை. ஆம்ஃபிஸ்பீனியன் என்ற பெயரே கிரேக்கப் புராணத்தில் இரண்டு முனையிலும் தலை வைத்திருந்த பாம்பிலிருந்து வந்தது. நம் ஊரிலும் அதே கற்பனை. மண்ணுளிப் பாம்பின் வால் கட்டையாக, தலையைப் போலவே மழுங்கி இருக்கும். ஆபத்து வந்தால் தலையைச் சுருளுக்குள் மறைத்து வாலைக் காட்டும். கொத்த வருபவன் வாலைக் கொத்திவிட்டுப் போகட்டும், தலை தப்பட்டும் என்ற ஏற்பாடு. இதைப் பார்த்து நாம் வைத்த பெயர் இருதலை மணியன். அதோடு விட்டோமா? அதிர்ஷ்டம், மாந்திரீகம், மருந்து என்று கட்டிவிட்ட கதைகள். எடை கூடக்கூட விலை கூடும் என்று ஒரு சந்தை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-லிருந்து இருக்கிறது. ஆனாலும் மண்ணுளி கடத்திய கும்பல் பிடிபட்ட செய்தி நாளிதழில் வருவது நிற்கவில்லை. வால்நுனியில் காயம் உண்டாக்கி வாய்போலக் காட்டிய பாம்பாட்டிகளும் உண்டு. பாம்பைப் பார்த்த அத்தனை பேரும் அதன் உடலைத்தான் படித்தார்கள். இந்த வால் எந்த மண்ணில், எந்த எதிரிக்கு முன்னால் உதவும் என்று யாரும் கேட்கவில்லை. படிக்காதவர்கள் மட்டும் ஏமாந்தார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். லட்சம் கொடுத்து வாங்க வருகிறவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள் இல்லை.

இந்தப் பெயர்க் குழப்பம் இருநூறு வருடப் பழசு. பாட்ரிக் ரஸ்ஸல் 1796-இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி வெளியிட்ட புத்தகத்தில் விசாகப்பட்டினத்துப் புழுப்பாம்பு ஒன்றின் படம் இருக்கிறது. அங்கத்திய மக்கள் அதற்குச் சொன்ன பெயரையும் எழுதியிருக்கிறார்: தெலுங்கில், இரண்டு தலைப் பாம்பு. 1803-இல் பிரெஞ்சுக்காரர் தோதேன் அந்தப் படத்தை வைத்து அதை ‘எரிக்ஸ்’ பேரினத்தில் சேர்த்தார். இன்று மண்ணுளிப் பாம்பு இருக்கும் அதே பேரினம்! இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வாலும் தலையும் ஒன்றுபோலத் தெரிந்தன, அதுதான் ஒற்றுமை. தவறு பிறகு திருத்தப்பட்டது.

அந்தப் புழுப்பாம்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரைச் சாண் நீளம், பேனா ரீஃபில் தடிமன். மழைக்காலத்தில் குளியலறைச் சாக்கடை வழியாக, பூந்தொட்டி மண்ணோடு வீட்டுக்குள் வரும். “காதுக்குள்ள போயிடும், அடி” என்று என் பாட்டி சொல்லுவாள், நாங்களும் அடித்தோம். அதற்கு விஷம் கிடையாது, நம்மைக் கடிக்கிற வாயும் கிடையாது. எறும்பு, கறையான் புற்றுக்குள் நுழைந்து முட்டையையும் புழுவையும் தின்கிறது. கடிக்கிற கூட்டத்துக்கு நடுவில் சாவகாசமாகச் சாப்பிட முடியாது என்பதால், மேல்தாடைப் பற்களை வேகவேகமாக வாரி இழுத்து இரையை உள்ளே தள்ளிக்கொள்கிறது. எல்லாமே பெண்கள், ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். ஒன்றே ஒன்று தொட்டி மண்ணோடு கப்பலேறினால் போதும். ஹவாய், ஃப்ளோரிடா, ஆஸ்திரேலியா என்று அப்படித்தான் பரவியது.

கேடயவாலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பழனி மலையின் பெயரையே தன் அறிவியல் பெயரில் வைத்திருக்கும் கேடயவால் ஒன்று உண்டு. 1860-களில் ரிச்சர்ட் பெடோம் பெயரிட்டது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த அவர் மலை மலையாக ஏறி இப்படிப் பல இனங்களைப் பதிவுசெய்தார். ஒரு மலையில் இருப்பது பக்கத்து மலையில் இருக்காது. நடுவில் இருக்கும் காய்ந்த சமவெளியைத் தாண்டும் உடம்பு அதற்கு இல்லை. மழைக்கு மேலே வந்தால் மலைச் சாலையில் வண்டிச் சக்கரம். சரிவை வெட்டி ரிசார்ட் கட்டினால் ஜேசிபி. மரங்களை அப்படியே விட்டுவிட்டு மண்ணை மட்டும் இறுக்கினாலும் அது சாகும். ஆனால் நம் கணக்கில் அது காடு அழிந்ததாக வராது. நாம் மரங்களைத்தான் எண்ணுகிறோம்.

எனவே எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். காலில்லாத ஒரு விலங்கைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியில் மண்ணைச் சொல்லுங்கள்: ஈரமா, காய்ந்ததா, களியா, மணலா, அதில் என்ன இரை, யார் எதிரி. பிறகு தலையைச் சொல்லுங்கள், வாலைச் சொல்லுங்கள். அப்போது ‘இழந்தது’ என்ற சொல் தேவைப்பட்டால் தாராளமாகப் போடுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது. படிக்கிற பிள்ளை அடுத்த மழைக்குக் குளியலறையில் நெளிகிற ஒன்றைப் பார்க்கும்போது, செருப்பைத் தேடுவதற்குப் பதில் அது எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தால் எனக்குப் போதும்.